நடைபாதை இருந்தும் சாலையில் செல்பவர்கள்

சென்னையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர் முதுகுத்தண்டில் அடிபட்ட நாளிலிருந்து சக்கர நாற்காலியில்தான் இயங்குகிறார். அவர் வீட்டிலிருந்து மருந்துக் கடை ஏறக்குறைய நானூறு மீட்டர். தெருவின் இருபுறமும் நடைபாதை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் புதிதாகக் கட்டி, பேவர் பிளாக் பதித்தது. ஆனாலும் அவர் தார்ச்சாலையின் ஓரமாகத்தான் போய்வருகிறார். ஒருநாள் எதிரே வந்த ஆட்டோ ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "பிளாட்பாரம் இருக்கிறதே சார், அதில் போகக் கூடாதா?" என்று அக்கறையோடுதான் கேட்டார். நண்பர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். விளக்கம் சொல்ல வேண்டுமென்றால் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேர விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சக்கரத்திலிருந்து தொடங்க வேண்டும். கையால் தள்ளும் நாற்காலியில் பின்சக்கரங்கள் பெரியவை; விட்டம் பொதுவாக 24 அங்குலம். முன்னால் இருப்பவை சிறிய உருளைகள். பாதையில் இருக்கும் எந்தத் தடங்கலையும் முதலில் சந்திப்பது இந்தச் சின்ன உருளைகள்தான். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தால் போதும், உருளை அங்கேயே முட்டி நின்றுவிடும். நாற்காலி நின்றாலும் உட்கார்ந்திருப்பவரின் உடல் நிற்காது, முன்னால் சரியும். தோளில் வலுவும் பழக்கமும் உள்ள இளைஞர் முன்சக்கரங்களைத் தூக்கி அந்த விளிம்பைத் தாண்டிவிடுவார். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்து நாற்காலிக்கு வந்த பாட்டியால் அது முடியாது. நடக்கிறவர் கவனிக்காமலே தாண்டிவிடும் ஒரு அங்குலம் இன்னொருவருக்குச் சுவராக நிற்கிறது.

நடைபாதையின் ஓரக் கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் விதி. பாதசாரிகளுக்கான வசதிகள் பற்றி அந்த அமைப்பு வெளியிட்டுள்ள 103ஆம் எண் வழிகாட்டி 2012இல் திருத்தப்பட்டது, 2022இல் மீண்டும் திருத்தப்பட்டது. சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். அதாவது ஓர் அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் போதும். ஆனால் நம் தெருக்களில் ஓர் அடி உயர நடைபாதைகள் சாதாரணம். அந்த உயரத்துக்கு 3.6 மீட்டருக்கு மேல் சாய்தளம் தேவை. நடைபாதையின் அகலமோ ஒன்றரை மீட்டர். எங்கே வைப்பது? ஒப்பந்ததாரர் என்ன செய்வார் என்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சிமென்ட் சரிவு போட்டுவிட்டு, 'சாய்தளம் அமைக்கப்பட்டது' என்று கணக்கு எழுதிவிடுவார். அதில் ஏற முயன்றால் நாற்காலி பின்னால் கவிழும். இறங்கினால் நேராகப் போக்குவரத்துக்குள் போய் விழ வேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு உயரமாகக் கட்டுகிறார்கள்? சென்னையைப் பொறுத்தவரை நடைபாதையின் வரலாறு பாதி மழைநீர் வடிகாலின் வரலாறுதான். பல தெருக்களில் நடைபாதை என்று நாம் மிதிப்பது வடிகாலின் மூடியைத்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகும் 2021 மழைக்குப் பிறகும் நகரம் முழுவதும் வடிகால்கள் கட்டப்பட்டன. வடிகாலின் மட்டத்தைத் தீர்மானிப்பது தண்ணீர் ஓட வேண்டிய சரிவு. அதன் தலையில் நடப்பவரைப் பற்றி அந்த வரைபடத்தில் எதுவும் இருப்பதில்லை. ஆகவே மூடி ஓரிடத்தில் உயர்கிறது, ஓரிடத்தில் தாழ்கிறது, ஆள் இறங்கும் மேன்ஹோல் வரும் இடத்தில் மேடு தட்டுகிறது. இதோடு சாலையின் கதையும் சேர்ந்துகொள்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய தார் போட்டுப் போட்டுத் தெருவே உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் போன பகுதிகள் நகரில் எத்தனையோ உண்டு. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்குப் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டார். பார்ப்பதற்கு இது பொறியியல் சமாச்சாரம் போல இருக்கும்; உண்மையில் நடைபாதைக்காகப் பிறந்த மிக நல்ல உத்தரவுகளில் ஒன்று. சாலையின் மட்டம் நிலையாக இல்லாவிட்டால் நடைபாதையின் மட்டத்தை யாரும் திட்டமிடவே முடியாது.

அடுத்தது வாசல்கள். இதுதான் என்னை மிகவும் வருத்துவது. ஒரு தெருவில் முப்பது வீடுகள் இருந்தால் முப்பது வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் கார் உள்ளே நுழைய நடைபாதையை வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். கார் சமதளத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. நடப்பவர் முப்பது முறை இறங்கி முப்பது முறை ஏறுகிறார். முழங்கால் வலியுள்ளவர்கள் இரண்டாவது வாசலிலேயே தோற்றுச் சாலைக்கு இறங்கிவிடுகிறார்கள். சரியான முறை இதற்கு நேர் எதிரானது. நடைபாதை வாசல்களைக் கடந்தும் அதே மட்டத்தில் போக வேண்டும்; கார்தான் விளிம்பில் ஒரு சிறு சரிவில் ஏறி, நடைபாதையைக் கடந்து, உள்ளே போக வேண்டும். எஞ்சின் இருப்பது காருக்கு. மனிதர்கள் மூச்சு வாங்கி ஏறுவதும் இயந்திரம் சமதளத்தில் போவதும் எந்த அளவுகோலின்படியும் நியாயமாகாது.

கண்ணுக்கே தெரியாத இன்னொரு தொல்லை பக்கவாட்டுச் சரிவு. மழைநீர் வடிய நடைபாதை சாலையின் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால் தொந்தரவில்லை. அதற்கு மேல் சாய்ந்தால் நாற்காலி தானாகவே சாலைப் பக்கம் இழுக்கும். ஒரு கையால் தள்ளிக்கொண்டு மறு கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். நூறு மீட்டர் இப்படிப் போனால் ஒரு தோள் எரியும். நண்பரின் வலது தோள் ஏன் எப்போதும் வலிக்கிறது என்பது எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது.

அகலத்துக்கும் கணக்கு இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் தடையே இல்லாமல் 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5 மீட்டர் என்பது 2012 வழிகாட்டி சொல்லும் குறைந்தபட்சம். இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒன்றையொன்று கடக்க வேண்டும். அதிலிருந்து பிறந்ததுதான் 1.8. இங்கே உயிர்நாடியான சொல் 'தடையே இல்லாமல்' என்பது. நகரத்தில் ஒரு நடைபாதையில் எத்தனை பேருடைய பொருள்கள் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மின்வாரியத்தின் மின்மாற்றியும் பகிர்மானப் பெட்டியும், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இரும்புப் பெட்டிகள், காவல்துறையின் நிழற்குடை, போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து நிறுத்தம், மாநகராட்சியின் குப்பைத் தொட்டியும் தெருப்பெயர்ப் பலகையும், ஒரு வேப்பமரம். ஒவ்வொன்றும் அவசியமானதுதான். ஒவ்வொரு துறையும் தன் பொருளை வைக்கும்போது தனக்கு விதிக்கப்பட்ட வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. ஆனால் மின்பெட்டிக்கும் சுவருக்கும் இடையே மிஞ்சும் இடைவெளி 60 சென்டிமீட்டர் என்றால், அந்த இடைவெளிக்கு எந்தத் துறையும் பொறுப்பு கிடையாது. நாற்காலிக்குக் குறைந்தது 90 சென்டிமீட்டர் வேண்டும்.

என் கருத்தில் நடைபாதைப் பிரச்சினையின் கரு இதுதான். நாம் நடைபாதையைக் கிலோமீட்டரில் அளக்கிறோம். இத்தனை கிலோமீட்டர் கட்டினோம், இத்தனை கோடி செலவிட்டோம் என்று அறிக்கை வருகிறது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு நடைபாதை ஒரு சங்கிலி. நானூறு மீட்டரில் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது மீட்டர் பளிங்குபோல இருந்தாலும், ஒரு மீட்டரில் மின்பெட்டி நின்றால் அவருக்கு நடைபாதையே இல்லை. அதோடு, தடங்கல் எங்கே வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. நூறு மீட்டர் போன பிறகு அடைபட்டிருப்பது தெரிந்தால், இறங்கவும் வழியில்லாமல், திரும்பவும் இடமில்லாமல், பின்னோக்கியே உருண்டு வர வேண்டும். அந்த அனுபவம் ஒருமுறை போதும். அடுத்த நாளிலிருந்து அவர் சாலையிலேயே போவார். சாலையில் லாரி வரலாம், ஆனால் பாதை முடிந்துபோகாது.

பெங்களூரில் 'டெண்டர் ஷ்யூர்' என்ற பெயரில் மறுசீரமைக்கப்பட்ட சாலைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே முதலில் கை வைத்தது பூமிக்கு அடியில். குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாவற்றுக்கும் நடைபாதைக்குக் கீழே தனித்தனிக் குழாய்வழிகள் அமைத்து, பிறகு மேலே சீரான தளம் போட்டார்கள். ஒரு கேபிள் மாற்றத் தெருவையே தோண்ட வேண்டியதில்லை. செலவு கூடுதல்தான், அந்தச் செலவை எதிர்த்துக் குரல்களும் எழுந்தன. ஆனால் ஆண்டுக்கு இருமுறை தோண்டி, ஜல்லி கொட்டி மூடி, அந்த ஜல்லியில் ஊன்றுகோல் வழுக்கி யாரோ ஒருவர் விழுவதற்கும் ஒரு விலை உண்டு. அது எந்த மதிப்பீட்டிலும் வருவதில்லை.

தடுப்புத் தூண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. நெரிசல் நேரத்தில் மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையில் ஏறிவிடுகின்றன. அதைத் தடுக்க நுழைவிடத்தில் இரும்புத் தூண்களை நெருக்கமாக நடுகிறார்கள். மோட்டார் சைக்கிள் நுழைய முடியாத இடைவெளியில் சக்கர நாற்காலியும் நுழைய முடியாது. இரண்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆக, சட்டத்தை மீறுபவரைத் தடுக்கப் போட்ட பூட்டு, வேறு வழியே இல்லாதவரை வெளியே நிறுத்துகிறது. தூணால் தீர்க்க முடியாத சிக்கல் இது. நடைபாதையில் ஓட்டுபவருக்கு நிச்சயமாக அபராதம் விழும் என்ற நிலை வந்தால்தான் தூண்களைத் தள்ளித் தள்ளி நட முடியும்.

பார்வையற்றவர்களுக்கான மஞ்சள் ஓடுகளை இப்போது மெட்ரோ நிலையங்களிலும் சில புதிய நடைபாதைகளிலும் பார்க்கிறோம். ஜப்பானின் ஒகயாமா நகரில் செய்ச்சி மியாகே என்பவர் உருவாக்கியவை இவை. 1967 மார்ச்சில் அந்நகரின் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீளக் கோடுகள் இருந்தால் 'போகலாம்' என்று பொருள். புள்ளிகள் இருந்தால் 'நில், ஏதோ மாறுகிறது' என்று பொருள். இது ஒரு மொழி. மொழி தெரியாதவர் எழுதினால் என்ன ஆகும்? கோடுகள் நேராக ஒரு மரத்தில் போய் முட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். புள்ளி வர வேண்டிய சாலை விளிம்பில் கோடு போட்டிருப்பதையும் பார்த்திருக்கிறேன். பார்வையற்ற ஒருவரை அது நேராகச் சாலைக்குள் நடத்திவிடும். ஓடே இல்லாத நடைபாதையில் அவர் தன் கோலை நம்பி எச்சரிக்கையாகப் போவார். தவறான ஓடு அவருடைய எச்சரிக்கையைப் பறித்துவிடுகிறது.

நடைபாதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒரு கட்டத்தில் சாலையைக் கடந்தே ஆக வேண்டும். சிக்னல் நேரத்தைக் கணக்கிடும்போது பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொள்வது வழக்கம். இருபது மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 17 நொடி. ஊன்றுகோலோடு நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 25 நொடி ஆகும். பச்சை விளக்கு அணையும்போது அவர் நடுச்சாலையில் இருப்பார். நடுத்திட்டில் நின்று மூச்சு வாங்கலாம் என்றால், அங்கே அரையடிக் கல் ஏற வேண்டும். ஆகவேதான் 'நடைமேம்பாலம் கட்டிவிடலாம்' என்ற யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாகனங்கள் கீழே செல்ல 5.5 மீட்டர் உயரம் வேண்டும்; அந்த உயரத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்று சாய்தளம் அமைத்தால் 66 மீட்டர். இடையில் இளைப்பாறும் சமதளங்கள் தனி. இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்க, இருபது மீட்டர் சாலைக்காக நூற்றைம்பது மீட்டருக்கு மேல் பயணம். மின்தூக்கி வைக்கலாம், அது பழுதாகும் நாளில் சாலை மீண்டும் மூடிக்கொள்ளும். நடைமேம்பாலம் வாகனங்களின் வேகத்துக்காகக் கட்டப்படுவது. நடப்பவர்களுக்கான வசதி என்று அதைச் சொல்லக் கூடாது. அதற்குப் பதில், கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் நாற்காலி ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம். வாகனங்கள் அந்த மேட்டில் தாமாகவே வேகம் குறைக்கும். செலவும் குறைவு.

இவை வெறும் வசதிக் கணக்குகள் என்று யாராவது நினைத்தால் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். ஐந்தில் ஒருவர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41ஆவது பிரிவில் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது அணுகத்தக்க சாலைகளையும் குறிப்பிடுகிறது. ஆனால் 2017இல் வந்த விதிகள் அளவுகளை எல்லாம் 'வழிகாட்டுதல்கள்' என்று மட்டும் சுட்டின. கட்டாயம் எது, விருப்பம் எது என்ற கோடு அழிந்துபோயிற்று. பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று இந்த ஓட்டையைத்தான் பிடித்தது. விதி 15இன் முதல் உட்பிரிவு சட்டத்துக்கே முரணானது, கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு ஆணையிட்டது. ஆறு மாதம் கழித்து, 2025 மே 14 அன்று, இன்னொரு வழக்கில் நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும், நடைபாதைகள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த வழக்கை 2012இல் தொடுத்தவர் கோயம்புத்தூரின் எலும்பு முறிவு மருத்துவர் ராஜசேகரன். சாலையில் உடைந்த உடல்களைச் சேர்த்துத் தைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், உடையும் இடத்திலேயே தடுக்கலாமே என்று நீதிமன்றம் போனது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது.

சென்னை மாநகராட்சிக்குச் சொந்தக் கொள்கையும் உண்டு. 2014இலேயே மோட்டார் சாராப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. இந்திய நகரங்களில் அதுதான் முதல். போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் அந்தப் பாதையில் வந்தது. மாலை நேரத்தில் அங்கே போனால், நடக்க இடம் கிடைத்தால் ஒரு நகரம் எப்படி மாறுகிறது என்று தெரியும். குழந்தை வண்டிகளோடு தாய்மார்கள், வாக்கர் பிடித்த தாத்தாக்கள், நாற்காலியில் வருபவர்கள் என்று வீட்டுக்குள் இருந்தவர்கள் வெளியே வந்திருக்கிறார்கள். ஆனால் அது ஒரு தீவு. பக்கத்துத் தெருவிலிருந்து அங்கே உருண்டு வர முடியுமா என்பது வேறு கேள்வி.

மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்ட மரப்பாதையும் அப்படித்தான். 263 மீட்டர் நீளம். கடலை அருகில் பார்க்காமலே வாழ்நாளைக் கழித்தவர்கள் அன்று அலையைத் தொட்டு அழுததை நாம் எல்லோரும் செய்திகளில் பார்த்தோம். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதையை நான் மனமார வரவேற்கிறேன். அதோடு, காமராஜர் சாலையைத் தனியாகக் கடந்து அந்தப் பாதையின் தலைக்கு ஒருவர் வந்து சேர முடிய வேண்டும் என்றும் கேட்கிறேன். தாழ்தளப் பேருந்துகளும் அதே சங்கிலியின் கண்ணிதான். மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம்வரை போய்ப் போராடியதன் விளைவாக 2024இலிருந்து சென்னையில் அவை மீண்டும் ஓடுகின்றன. ஆனால் அந்தப் பேருந்தின் சாய்பலகை விரிந்து படிய ஒரு நடைபாதை வேண்டும். பேருந்து நடுச்சாலையில் நின்றால், அல்லது நிறுத்தத்தின் முன் இருசக்கர வாகனங்கள் வரிசையாக நின்றால், அத்தனை விலை கொடுத்து வாங்கிய பேருந்தும் படிக்கட்டுப் பேருந்தாகிவிடுகிறது.

நடைபாதை என்றதும் உடனே தெருவோர வியாபாரிகள் மேல் பாய்வதை நான் ஏற்கவில்லை. பூக்காரம்மாவும் இட்லிக் கடையும் இருக்கும் தெரு இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சமாக, பெண்கள் பயமின்றி நடக்கும்படி இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைத்து, அதில் 40 சதவீத இடத்தை வியாபாரிகளுக்கே தந்து, எங்கே விற்கலாம் என்று முடிவு செய்யச் சொல்கிறது. 1.8 மீட்டரை விட்டுவிட்டு மற்ற இடத்தில் கடை போடலாம் என்று கோடு கிழித்துக் கொடுத்தால் அவர்களே அந்தக் கோட்டைக் காப்பார்கள். ஒரு தள்ளுவண்டி எடுக்கும் இடத்தைப்போலச் சில மடங்கை நடைபாதையில் ஏற்றி நிறுத்திய ஒரே ஒரு கார் எடுத்துக்கொள்கிறது, காலை முதல் மாலை வரை, யாருக்கும் ஒரு தம்ளர் தேநீர்கூடத் தராமல்.

நண்பரின் தெருவுக்கு வருகிறேன். மனு மேல் மனு எழுதி, அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து, சென்ற மாதம் தெருமுனையில் ஒரு சாய்தளம் அமைத்துக் கொடுத்தார்கள். உண்மையிலேயே நல்ல சாய்தளம். நாங்கள் அளவு நாடா வைத்து அளந்தோம். சரிவு சரியாக இருக்கிறது, விளிம்பு சாலையோடு இழைந்து நிற்கிறது. நண்பர் யார் கையும் படாமல் தானே ஏறினார். இரண்டு வீடுகளின் மதில்சுவரை ஒட்டி, வேப்ப நிழலில், மெதுவாக உருண்டு போனார். மூன்றாவது வீட்டு வாசலில் நடைபாதை ஓர் அடி கீழே இறங்கியது. அங்கிருந்து திரும்பி, அதே சாய்தளத்துக்கு வந்து, சாலையில் இறங்கி, மருந்துக் கடைக்குப் போனோம்.